வலிக்காத கன்னம்

மார்ச் 4, புதன்

மறுபடியும் வந்துவிட்டது. இந்தத் தடவை இடது தாடையின் ஓரத்தில், தோலுக்கு அடியில், பட்டாணி அளவுக்கு. வெளியே தலை காட்டாது, பழுக்காது, உள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு விண்விண் என்று வலிக்கும். பல் தேய்க்க வாயைத் திறந்தால் ‘நான் இருக்கேன்’ என்கிறது. பதினாறு வயதில்கூட எனக்கு இப்படி வந்ததில்லை. முப்பத்து நாலு வயதில் பரு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இதில் என் வேலை வேறு. கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் மாட்டிச் சரி பார்க்கிறவள் நான். நாள் முழுக்க யாராவது ஒருவர் முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் நிற்க வேண்டும். கண்ணில் கண்ணாடி இல்லாத வரைக்கும் அவர்களுக்கு நான் வெறும் மங்கல். புதுக் கண்ணாடியை மூக்கில் வைத்து, காதில் மாட்டி, “இப்போ நல்லா தெரியுதா?” என்று கேட்கிறேனே, அப்போது தெளிவாகத் தெரியும் முதல் பொருள் என் தாடைதான்.

இன்று ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லா தெரியுதும்மா. உன்னைக் கொசு கடிச்சிருக்கு பாரு” என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதேன். இதற்கெல்லாமா அழுவார்கள்? என்னவோ, இந்த வாரம் குழாயில் தண்ணீர் வராவிட்டால்கூட எனக்கு அழுகை வருகிறது.

மார்ச் 5, வியாழன்

தலையணை உறைகளை எல்லாம் துவைத்துப் போட்டாயிற்று. வேர்க்கடலைக்கு முழுக்கு. சாக்லேட்டுக்கும் முழுக்கு.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணி வந்திருந்தார், என் வீட்டுக்காரருடைய அக்கா. மனதில் பட்டதைப் போட்டு உடைத்துவிட்டு, அடுத்த நிமிடம் காப்பி கேட்கிற ரகம். கெட்ட எண்ணம் கிடையாது.

வாலு என் மடியில் இருந்தாள். வாலு என்றால் என் மகள், ஐந்து வயது. நிஜப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும். அவளுக்கு ஒரு பழக்கம். யாரிடம் பேசுவதென்றாலும் அவர்கள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் மூக்குக்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டுதான் பேசுவாள். அப்பாவின் மீசையைப் பிடித்து இழுப்பாள். தூங்கும்போது அவள் கன்னம் என் இடது கன்னத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அப்படியே வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போவாள். காலையில் என் கழுத்து வரை எச்சில்.

அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். “ராத்திரியெல்லாம் இப்படி எச்சில் வழிய உன் மேலேயே கிடக்குதா? அப்புறம் பரு வராம வேற என்ன வரும்? இன்னொண்ணும் சொல்றேன், உன்கிட்டேருந்து அதுக்கும் ஒட்டிக்கும். பால் வடியற மூஞ்சி.”

முதலில் சிரித்து மழுப்பினேன். அவர் போன பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். இடது தாடை. அவள் படுக்கும் பக்கம். அட ஆமாம்.

மார்ச் 9, திங்கள்

வாலுவிடம் சொல்லிவிட்டேன்.

“அம்மா மூஞ்சில புண்ணு இருக்குடா. சரியாகற வரைக்கும் கிட்ட வரக்கூடாது.”

“எவ்ளோ தூரம்?”

என் கையை நீட்டிக் காட்டினேன். அவள் எழுந்து, என் விரல் நுனி தன் நெஞ்சில் படும்படி சரியாக நின்றுகொண்டாள். “இங்கேயா?”

“ஆமா, அங்கே.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இரவு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குத்தான் இடது பக்கம் எதையோ காணோம் போல இருந்தது.

மார்ச் 12, வியாழன்

வயிற்று வலி. பாதி நாளில் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாப்கின் தீர்ந்திருக்குமோ என்று பயந்துகொண்டே அலமாரியைத் திறந்தால், புதுப் பாக்கெட் இருக்கிறது. இவர் எப்போது வாங்கி வைத்தார்? புண்ணியவான்.

மார்ச் 21, சனி

முகம் பளிச்சென்று இருக்கிறது. தடவிப் பார்த்தால் தாடை வழுவழு. கரும்புள்ளி ஒன்றிரண்டுதான் மிச்சம். அப்படியென்றால் அண்ணி சொன்னது சரி. எச்சில்தான்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே நான். படவில்லை. சரியாகிவிட்டது, இனி கிட்ட வா என்று கூப்பிட்டால் மறுபடியும் வரும். காரணமே அவள்தான் என்று தெரிந்த பிறகு எப்படிக் கூப்பிடுவது? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

மார்ச் 26, வியாழன்

வாலு புதிதாக ஒரு கேள்வி பிடித்திருக்கிறாள். ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு, “அம்மா, கோவமா இருக்கியா?” என்பாள். இல்லடா என்றால், “அப்ப சிரிக்கிறியா?” என்பாள். சிரித்துக்கொண்டேதான் இருப்பேன், அப்போதும் கேட்பாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் பல தடவை.

தள்ளி நிறுத்தியதற்காக என்னைக் குத்திக்காட்டுகிறாளா? ஐந்து வயதுக்கு அவ்வளவு தெரியுமா? யார் வயிற்றில் பிறந்தது, தெரிந்தாலும் தெரியும்.

ஏப்ரல் 3, வெள்ளி

வந்துவிட்டது. ஒன்றில்லை, மூன்று. தாடையில் இரண்டு, மோவாயில் ஒன்று.

எப்படி வரும்? உறை மாற்றுகிறேன், கடலை இல்லை, சாக்லேட் இல்லை, குழந்தையும் கிட்ட இல்லை. தூக்கத்தில் உருண்டு வந்திருப்பாளோ? காலையில் கேட்டேவிட்டேன். “ராத்திரி அம்மாகிட்ட வந்தியா? பொய் சொல்லக்கூடாது.” இல்லை என்று தலையாட்டினாள். நான் நம்பவில்லை. குரலை உயர்த்திவிட்டேன். அவள் கண்ணைச் சுருக்கி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இப்ப கோவம்” என்றாள், கேள்வி இல்லாமல்.

குரலைக் கேட்டுச் சொல்கிறாள். ச்சே. என்ன அம்மா நான்.

ஏப்ரல் 4, சனி

மருந்துக் கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். விலையைக் கேட்டதும் பரு தானாக ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. தடவுகிறேன். வாலு இனிமேல் அப்பாவுக்கு அந்தப் பக்கம் படுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் ஒரு மலை மாதிரி படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 18, சனி

முகம் தெளிந்துவிட்டது. க்ரீம் வாழ்க.

வாலு சாயங்காலம் கதவருகிலேயே உட்கார்ந்து படப் புத்தகம் பார்த்தாள். மூக்கு புத்தகத்தில் முட்ட முட்ட. வந்து பக்கத்தில் உட்கார் என்றேன். “புண்ணு?” என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பயம்தான்.

மே 2, சனி

அதே க்ரீம். அதே உறை. அவள் அப்பாவுக்கு அந்தப் பக்கம். எதையும் மாற்றவில்லை, ஒன்றைக்கூட மாற்றவில்லை. வந்துவிட்டது. அதே இடத்தில், அதே வலியோடு.

கடையில் நாள் முழுக்க மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தேன். கண் டெஸ்ட் பண்ணுகிற அக்கா, நாங்கள் டெஸ்ட் அக்கா என்போம், “என்னடி, கொள்ளையடிக்கப் போறியா?” என்றார். சிரிக்க வரவில்லை. எனக்கு என்னதான் ஆச்சு? யாரைத்தான் குத்தம் சொல்றது இனிமே?

மே 3, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையும் யாராவது நடுவில் மாட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள். மத்தியானம்தான் வந்தார். கையெல்லாம் கிரீஸ். ஒரு பையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். காய்கறி என்று பிரித்தேன். வெங்காயம், சோப்பு, அதற்கடியில் நாப்கின் பாக்கெட்.

“இது எதுக்கு இப்ப?”

“எதுக்குன்னா? அடுத்த வாரம் உனக்கு வேணுமே.”

“எனக்கே ஞாபகம் இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, வெயில் அதிகம் என்பது போலச் சொன்னார்: “உன் தாடையைப் பார்த்துத்தான்.”

நான் முழித்தேன்.

“தாடையில அது முளைச்சா அடுத்த வாரம் உனக்கு நாள். எப்பவும் அப்படித்தானே? போன வருஷம் ஒரு தடவை பாக்கெட் தீர்ந்துபோய் மழையில கடை கடையா அலைஞ்சேனே, அதுலேருந்து இதான் என் கணக்கு. முளைச்சதைப் பார்த்தா கடைக்குப் போயிடுவேன். அப்புறம் அந்த வாரம் உன்கிட்ட வாயைக் கொடுக்க மாட்டேன்.”

“இத்தனை மாசமா தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“உன் மூஞ்சி, உன் நாள். உனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. “அப்ப குழந்தையைத் தள்ளி வெச்சேனே, அதுக்காவது ஏன்னு கேட்டிருக்கலாமில்ல?”

“பட்டா வலிக்குதுன்னு நீ தள்ளி வெச்சிருக்கேன்னு நினைச்சேன். வேற எதுக்கு?”

வேறு எதற்கு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மே 4, திங்கள்

இந்த டைரியைப் பின்னால் புரட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. நினைத்துப் பார்த்தாலே ஒவ்வொன்றாக வருகிறது. முளைக்கும், கண்டதற்கெல்லாம் அழுவேன், மார்பு கனக்கும், வயிற்று வலி வரும், நாள் வரும், பிறகு தாடை தானாக அடங்கும். அடங்குகிற நேரத்தில் நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேனோ அதற்கு மாலை போட்டிருக்கிறேன். ஒரு மாதம் குழந்தையைத் தள்ளி வைத்ததற்கு. அடுத்த மாதம் க்ரீமுக்கு.

அதெல்லாம் போகட்டும். அவளை எதற்காகத் தள்ளி வைத்தேன்? ஒன்றுமில்லாததற்கு.

ஆனாலும் உள்ளே ஒரு பயம். இவர் என்ன டாக்டரா? ஒட்டும் என்றாரே அண்ணி, அது மட்டும் உண்மையாக இருந்துவிட்டால்? தோல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை பொறுத்துக்கொள்ளடா வாலு.

மே 8, வெள்ளி

வந்தது, இவர் சொன்ன மாதிரியே. தாடையும் அடங்கத் தொடங்கிவிட்டது. இவர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. நின்றுபோன லிஃப்டை ஓட வைத்துவிட்ட மாதிரி.

மே 11, திங்கள்

டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. தாடையை விரலால் தொட்டுப் பார்த்து, முதல் கேள்வியே, “பீரியட்ஸுக்கு முன்னாடி அதிகமாகுதா?”

பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் மாதிரி ஆமாம் என்றேன். பிறகு மனசு கேட்கவில்லை. “என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சார்” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

நாள் தவறாமல் வருகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா என்றெல்லாம் கேட்டார். கர்ப்பத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்றார். போன வருஷம் நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்ததா? யோசித்தால், ஆமாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஹார்மோன் ஏறி இறங்குமாம். சிலருக்குத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதற்குச் சட்டென்று சிலிர்த்துக்கொள்ளுமாம். தாடையும் மோவாயும் அதற்குப் பேர் போன இடமாம். முப்பதைத் தாண்டிய நிறையப் பேர் இதே தாடையோடு வருகிறார்களாம். எனக்கு அதைக் கேட்டதும் அவர்கள் எல்லாரையும் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இரவில் தடவ ஒரு ஜெல். கிள்ளக் கூடாது. சில மாதம் பொறுக்க வேண்டும், முழுக்க நிற்காவிட்டாலும் குறையும். இன்னொரு குழந்தைக்கு யோசனை வந்தால் முதலில் சொல்லுங்கள், மருந்தை மாற்ற வேண்டும் என்றார். ஜெல் தடவிய இடத்தில் குழந்தையின் தோல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என்றார்.

எழுந்திருக்கும்போது கேட்டேன். “டாக்டர், இது குழந்தைக்கு ஒட்டுமா? அதோட எச்சில் பட்டு இப்படி வருமா?”

“ஒட்டாது. எச்சிலால இது வரலை. யார் சொன்னா?” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “தள்ளி வெச்சுட்டீங்களா? பரவாயில்ல, போய்த் தூக்கிக்கோங்க.”

மே 12, செவ்வாய்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

நேற்று நான் வருவதற்குள் வாலு தூங்கிவிட்டாள். இன்று வேலை முடிந்ததும் ஓடி வந்து தரையில் உட்கார்ந்து, “வாடா, புண்ணு ஒட்டாதாம், டாக்டர் சொல்லிட்டாங்க” என்று கையை விரித்தேன். அவள் வந்தாள். என் விரல் நுனி நெஞ்சில் பட்டதும் நின்றுவிட்டாள். பழகிவிட்டது. நான் பழக்கியது.

அங்கே நின்று கண்ணைச் சுருக்கினாள். நெற்றியில் கோடு விழுந்தது. “அம்மா, சிரிக்கிறியா?” என்றாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்ணாடியை உடைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அப்படித்தான் என்னைப் பார்ப்பார்கள். நாள் முழுக்கப் பார்க்கிறேன் அந்த முகத்தை.

எழுந்து கதவு வரை பின்னால் போனேன். நாக்கை நீட்டினேன். “அம்மா இப்ப என்ன பண்றேன், சொல்லு.”

“தெரியல.”

ஒரு எட்டு முன்னால் வந்தேன். தெரியல. இன்னொன்று. தெரியல. அவள் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் சிரித்தாள். “நாக்கு.”

முகத்தைப் பிடித்து இழுத்தது கொஞ்சலுக்கு மட்டும் இல்லை. பார்க்க. அவளுக்கு என் முகம் அங்கேதான் இருந்தது. அதைத்தான் எடுத்துட்டேன். கோவமா, சிரிக்கிறியான்னு தினம் தினம் கேட்டாளே, குத்திக்காட்டறான்னு எழுதினேனே பாவி. நிஜமாவே தெரியாமதான் கேட்டிருக்கா. ஊருக்கெல்லாம் நல்லா தெரியுதான்னு கேக்கறவ, வீட்ல ஒரு தடவை கேக்கல.

இன்னொன்றும் தோன்றியது. என் பருவை யாரையும்விடக் கிட்டத்தில், தெளிவாகப் பார்த்தவள் அவள்தான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

மே 14, வியாழன்

டெஸ்ட் அக்கா வாலுவின் கண்ணைப் பார்த்தார். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு மறுபடியும் பார்த்து உறுதி செய்தார். மைனஸ் மூன்று, இரண்டு கண்ணுக்கும்.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். டெஸ்ட் அக்கா என் தலையில் லேசாகத் தட்டினார். “மூக்குல முட்டி முட்டிப் பேசினா யாரா இருந்தாலும் பாசம்னுதான் நினைப்போம். பாசமும்தான்டி அது. போ, நல்ல ஃப்ரேமா எடு.”

மே 21, வியாழன்

நானே மாட்டினேன். நீல ஃப்ரேம். அதன் காதுக் கம்பியைச் சூட்டில் காட்டி அவள் காதுக்குத் தக்க வளைத்தேன். எத்தனையோ பேருக்குச் செய்கிற வேலை, இன்று இரண்டு தடவை கை தவறியது. “ரெண்டு கையாலயும்தான் கழட்டணும், சரியா?” என்று சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு கடை வாசல் வரை நடந்து போய்த் திரும்பி நின்றேன். “இப்போ நல்லா தெரியுதா?”

அவள் முதலில் ஃப்ரேம்கள் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு என்னை.

“சிரிக்கிற” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “இல்ல, அழற.”

இரண்டும் சரிதான்.

மே 26, செவ்வாய்

வாலு இப்போது இருக்கும் இடத்திலிருந்தே பேசுகிறாள். கதவோரத்திலிருந்து, கட்டில் நுனியிலிருந்து. “அம்மா, உன் சட்டையில பட்டன் இல்ல” என்று அந்த அறையிலிருந்து சொல்கிறாள். யார் முகத்தையும் பிடித்து இழுப்பதில்லை. தேவை இல்லையே.

இரவு அப்பாவுக்கு அந்தப் பக்கமே படுக்கிறாள். வா என்று கூப்பிடலாம். கூப்பிட்டு வருவது வேறு. அவள் கண் தெளிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு ஏக்கம். இதை இவரிடம்கூடச் சொல்லவில்லை.

மே 31, ஞாயிறு

காலையில் எழுதுகிறேன்.

நேற்று முளைத்தது. தாடையில், இடது பக்கம், ஒன்றே ஒன்று. எதிர்பார்த்த விருந்தாளி. அழுகையும் எட்டிப் பார்த்தது, சரி, இந்த வாரம் அப்படித்தான் என்று விட்டேன். சாயங்காலம் இவர் வந்து, வாசலில் நின்றபடியே பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இரவு ஜெல்லைத் தாடையில் அந்த ஒரு இடத்தில் மட்டும் தடவிக்கொண்டு படுத்தேன். வாலு அறை வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, இங்க ஒண்ணு வந்திருக்கு.” தன் தாடையில் விரலை வைத்துக் காட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்து.

“ஆமாடா. அடுத்த வாரம் போயிடும்.”

“வலிக்குதா?”

“கொஞ்சம்.”

“அந்தப் பக்கமும் வலிக்குதா?”

“இல்ல. அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல.”

கொஞ்சம் யோசித்தாள். இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றினாள், சொல்லிக் கொடுத்தபடி. டப்பாவில் வைத்து மூடினாள். அப்பாவைத் தாண்டி, என்னையும் தாண்டி ஏறி வந்து, என் வலது பக்கம் படுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்துகொண்டது.

விடிந்துவிட்டது. அவள் இன்னும் தூங்குகிறாள். என் வலது கன்னம் கழுத்து வரை ஈரமாக இருக்கிறது. நான் இன்னும் முகம் கழுவப் போகவில்லை.